ஏங்கெல்ஸ் பார்த்த வீடுகள்

ஏங்கெல்ஸ் 1845இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' நம்மிடையே 'மூலதன'த்துக்கு ஒரு முன்னுரை போலவே பேசப்பட்டு வந்திருக்கிறது. அரசியல் வகுப்புகளில் ஆலையும் கூலியும் பற்றிய பக்கங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கென்னவோ இது முதலில் வீடுகளைப் பற்றிய நூல் என்றே படுகிறது. எழுதியபோது அவருக்கு வயது 24. ஆலைப் பங்காளி ஒருவரின் மகன், மான்செஸ்ரரில் மெட்லொக் ஆற்றோரத்து 'லிற்றில் அயர்லாந்து' குடிசைகளையும் ஈரம் கசியும் நிலவறைகளையும் பார்த்து எழுதியது அது.

நூலில் என்னை நிறுத்திவைப்பது ஒரு சிறிய அட்டவணை. மருத்துவர் ஹொலண்ட், மான்செஸ்ரரை அடுத்த சோல்ற்றன்-ஒன்-மெட்லொக்கில் தெருக்களையும் வீடுகளையும் மும்மூன்று தரமாகப் பிரித்து இறப்புகளை எண்ணியிருந்தார். முதல்தரத் தெருவின் முதல்தர வீடுகளில் ஆண்டுக்கு 51 பேரில் ஒருவர் இறந்திருக்கிறார். அதே தரத் தெருவின் மூன்றாந்தர வீடுகளில் 36 பேரில் ஒருவர். தெருவும் மூன்றாந்தரம், வீடும் மூன்றாந்தரம் என்றால் 25 பேரில் ஒருவர். நல்ல வீட்டில் இருப்பவன் நல்ல சாப்பாடும் சாப்பிடுவான் என்பதால் எல்லாச் சாவையும் சுவரின் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் இது தெரிந்திருந்தும் மனிதரை அங்கே இருக்கவிடுவது சமூகம் செய்யும் கொலை என்று ஏங்கெல்ஸ் சொல்லும்போது மறுக்க நமக்கு வாய் வருவதில்லை.

இதற்கு முந்தைய அத்தியாயத்தில் அவர் ஐரிஷ் குடியேறிகளிடம் வருகிறார். கார்லைலின் மிகைப்படுத்தலைக் குறைசொல்லிக்கொண்டே அவருடைய சித்திரத்தை ஏற்றுக்கொள்கிறார். ஐரிஷ்காரன் அழுக்கைத் தன்னோடு கொண்டுவந்தான், பன்றியோடு படுப்பான், அது அவன் பழக்கம். இத்தனைக்கும் மான்செஸ்ரரில் அவருடைய துணையாக இருந்த மேரி பேர்ன்ஸ் ஐரிஷ் வம்சாவளியினர். ஹொலண்டின் அட்டவணை யார் எந்த நாட்டான் என்று கேட்கவில்லை. அதை நம்பி எழுதிய அதே கை, வீட்டின் குற்றத்தைக் குடியிருப்பவன் தலையில் இறக்கிவைத்துவிட்டது. நூலின் பெரிய சறுக்கல் இதுதான். வழிபாட்டு மனோபாவத்தில் படிப்பவர்கள் இந்தப் பக்கங்களைக் காணாததுபோல் கடந்துவிடுகிறார்கள்.

பழங்கதை என்று விட்டுவிடலாம், விட முடியவில்லை. மான்செஸ்ரருக்குப் பக்கத்திலுள்ள ரொச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். ஓர் அறை வாடகை வீடு. சுவரில் பூஞ்சணம் என்று 2017இலேயே தகப்பன் முறையிட்டார். மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வீட்டில் காற்றோட்டமும் போதாது. வீடமைப்பு நிறுவனமோ அதுவரை குடும்பத்தின் குளிக்கும் முறையையும் வாழ்க்கைமுறையையும் காரணம் காட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஊகித்தது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டது.

நம்மவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கறி சமைக்கிறீர்கள், உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள், யன்னலைத் திறப்பதில்லை. குளிர்ந்த சுவரில் நீராவி படிந்தால் பூஞ்சணம் பிடிக்கும், உண்மைதான். யன்னலைத் திறந்தால் சூடு போய்விடும், போன சூட்டுக்கு மீண்டும் காசு கட்டவேண்டும் என்பதும் உண்மை. குழந்தையும் முதியவரும் ஆஸ்துமாக்காரரும் அந்தக் கணக்குக்குள்தான் மூச்சு விடுகிறார்கள்.

குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டுரிமையாளர்கள், ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டைப் பத்து வேலைநாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் வேலை நடக்கவேண்டும். குடியிருப்பவரின் பழக்கம் என்று சொல்லிக் கைகழுவ இனி முடியாது என்பது பெரிய காரியம். அகதி விண்ணப்பதாரர்களைக் கொண்டுபோய் வைக்கும் விடுதி அறைகள் சமூக வீடுகள் அல்ல. அங்கே யன்னல் திறக்காவிட்டால் இந்தச் சட்டத்தைக் காட்டி யாரிடமும் போகமுடியாது.