மூன்று நாளில் முகப்பரு மறையுமா? விரைவுத் தீர்வு விளம்பரங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முகப்பருவைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ போக்கிவிடும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் களிம்புகள், ஃபேஸ்வாஷ்கள், ஒட்டுவில்லைகள், ஒளிக்கருவிகள் ஆகியவை பொதுவாக விரைவுத் தீர்வுகள் எனப்படுகின்றன. அதே நம்பிக்கையில் வீட்டில் பூசப்படும் பற்பசை, எலுமிச்சைச் சாறு போன்றவற்றையும் இவற்றோடு சேர்க்கலாம். இவற்றை வாங்குவோரில் பலர் பதின்பருவத்தினர். 'ஒரே இரவில்', 'மூன்றே நாளில்' போன்ற சொற்கள் அவர்களின் அவசரத்தை நோக்கியே எழுதப்படுகின்றன. முகப்பரு உருவாகும் முறையையும், ஆய்வில் தேறிய மருந்துகள் பலன் தர எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கொண்டு இவ்வுறுதிமொழிகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பரு உருவாகும் காலம்

தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. பதின்பருவத்தில் ஆண்ட்ரோஜன் இயக்குநீர்கள் கூடும்போது இச்சுரப்பி பெரிதாகி மிகுதியான எண்ணெயைச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்புறத்தில் உதிரும் செல்கள் அந்த எண்ணெயோடு ஒட்டி, துளையை அடைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த அடைப்புதான் பருவின் தொடக்கம். பின்னர் அது கரும்புள்ளியாகவோ வெண்புள்ளியாகவோ தெரிகிறது. தோலில் இயல்பாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிரி அங்கே பெருகி அழற்சி உண்டாகும்போது சிவந்த, சீழ் கோத்த பரு தோன்றுகிறது.

அடைப்பு தொடங்கியதிலிருந்து பரு வெளியே தெரியும்வரை பல வாரங்கள் ஆகின்றன. இன்று கண்ணாடியில் தெரியும் பரு சென்ற மாதமே உருவாகத் தொடங்கியிருக்கலாம். அடுத்த மாதம் வரவிருக்கும் பருக்களும் இப்போதே தோலுக்குள் உள்ளன. தெரியும் பருவின் மேல் மட்டும் எதையேனும் பூசி முகப்பரு என்னும் நோயை மூன்று நாளில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

தானாக ஆறுவதும் மருந்தால் ஆறுவதும்

'நான் பூசினேன், போய்விட்டது' என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. ஆனால் சிறிய பரு ஒன்று சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். பரு நன்கு வீங்கிச் சிவந்திருக்கும் நாளில்தான் ஒருவர் களிம்பைத் தேடுகிறார். அதன் பிறகு அது குறையத்தான் போகிறது. அந்தக் குறைவின் பெருமை அன்று பூசிய பொருளுக்குப் போய்விடுகிறது.

பள்ளி அறிவியல் பாடத்தில் ஒரு செடியை வெளிச்சத்திலும் மற்றொன்றை இருட்டிலும் வைத்து ஒப்பிடுவோம். ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தின் பயனை நிறுவ முடியாது. மருந்து ஆய்விலும் இதே விதிதான். ஒரு பிரிவினருக்கு மருந்து சேர்த்த களிம்பையும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத அதே களிம்பையும் தருகிறார்கள். முகப்பரு ஆய்வுகளில் மருந்தில்லாத களிம்பைப் பூசியவர்களுக்கும் பருக்கள் கணிசமாகக் குறைவது வழக்கமாகக் காணப்படுகிறது. இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே மருந்தின் பலன். விளம்பரங்களில் வரும் 'முன்', 'பின்' படங்களில் இந்த இரண்டாவது பிரிவு இருப்பதில்லை.

ஆய்வில் தேறிய மருந்துகளின் கால அளவு

பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் ஆகியவை முகப்பருவுக்குப் பல ஆய்வுகளில் பயன் நிறுவப்பட்ட பூச்சு மருந்துகள். இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி, 8 முதல் 12 வாரங்கள் கழித்தே பலனை மதிப்பிட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அடாபலீனைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோல் வறண்டு, பரு சற்று கூடியதுபோலத் தெரிவதும் உண்டு. 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெடினாயின் கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் மிக வலுவான மாத்திரை. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் மருத்துவரின் கண்டிப்பான கண்காணிப்பில் மட்டுமே இது தரப்படுகிறது. இத்தனை வலுவான மருந்தையும் பல மாதங்கள் உட்கொள்ள வேண்டியுள்ளது. அப்படியிருக்க, கடையில் கிடைக்கும் ஃபேஸ்வாஷ் ஒன்று மூன்றே நாளில் செய்துவிடும் என்பதை எவ்வாறு ஏற்பது?

பரவலான தீர்வுகள்

சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஃபேஸ்வாஷ்கள் முற்றிலும் பயனற்றவை அல்ல. துளை அடைப்பைத் தளர்த்தும் தன்மை அந்த அமிலத்துக்கு உண்டு. ஆயினும் முகத்தில் அரை நிமிடம் இருந்து கழுவப்படும் பொருளால் மிதமான பலனையே எதிர்பார்க்கலாம்.

பரு ஒட்டுவில்லைகள் புண்களுக்குக் கட்டும் ஹைட்ரோகொல்லாய்டு கட்டுத்துணியிலிருந்து வந்தவை. உடைந்த பருவின் நீரை இவை உறிஞ்சுகின்றன. விரல் நகம் அங்கே போகாமலும் தடுக்கின்றன. கிள்ளுவதால் தழும்பு விழும் என்பதால் இது நல்ல பயனே. ஆனால் ஆழமான பருவையோ அடுத்து வரும் பருவையோ இவற்றால் தடுக்க முடியாது.

எலுமிச்சைச் சாறு, தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல மடங்கு அமிலத்தன்மை கொண்டது. சமையல் சோடா அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை உடையது. பற்பசையோ பல்லின் எனாமலுக்காகத் தயாரிக்கப்படுவது. மூன்றுமே தோலை எரிச்சலூட்டக்கூடியவை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் ஏற்படக்கூடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எரிச்சல் ஏற்பட்ட இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் மறையாமல் இருக்கும். இரண்டு வாரத்தில் போயிருக்கவேண்டிய பருவுக்காக ஆறு மாதத்துக் கரும்படலத்தை வரவழைத்துக்கொள்வது நல்ல வைத்தியமாகாது.

கைப்பேசி ஒளியும் ஒரு சமரசமும்

விளம்பரத்துக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்தது. கைப்பேசித் திரையிலிருந்து வரும் நீல, சிவப்பு ஒளியைத் தினமும் சிறிது நேரம் முகத்தில் காட்டினால் பரு போகும் என்று கூறி இரண்டு செயலிகள் விற்கப்பட்டன. ஒன்றின் விலை 1.99 டாலர், மற்றொன்றின் விலை 0.99 டாலர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15,000 முறை பதிவிறக்கப்பட்டன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விற்பனையாளர்கள் பணம் செலுத்தியும் அவ்விளம்பரங்களைக் கைவிட்டும் சமரசம் செய்துகொண்டனர்.

நீல, சிவப்பு ஒளிச் சிகிச்சை என்பது மருத்துவத்தில் உள்ளதுதான். ஒரு செயலியின் விளம்பரம் மருத்துவ இதழ் ஒன்றின் ஆய்வையும் சுட்டியது. ஆனால் அந்த ஆய்வு கைப்பேசி ஒளிக்குப் பொருந்தும் சான்றல்ல என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. மெய்யான ஆய்வொன்றைக் காட்டி வேறொரு பொருளை விற்கும் இம்முறை இன்று களிம்பு விளம்பரங்களிலும் காணப்படுகிறது.

உண்மையிலேயே விரைவாக வேலை செய்பவை

சில நாட்களில் பருவை அமுக்கும் ஒன்று மருத்துவத்தில் உண்டு. பெரிய, வலியுள்ள பருவுக்குள் தோல் மருத்துவர் மிகச் சிறிய அளவில் ட்ரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகச் செலுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் குறையும். அளவு தவறினால் அந்த இடத்தில் தோல் குழிந்துவிடும் என்பதால் இது மருத்துவர் கையால் மட்டுமே செய்யப்படுவது.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகள் இந்தியாவில் நீண்ட காலமாக முகப்பருவுக்கும் நிறம் கூட்டவும் கடைகளில் கேட்டு வாங்கப்பட்டு வந்தன. பூசிய சில நாட்களில் சிவப்பு மறைந்து முகம் தெளிவாகும். அந்த மாற்றம்தான் ஆபத்து. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், புதிய பருக்களும் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அதைத் தணிக்க மறுபடியும் அதே களிம்பைத் தேடுவார்கள். தோல் மருத்துவர்களின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பின், 2018-இல் இந்திய அரசு இத்தகைய பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. ஆகவே பெயர் தெரியாத களிம்பு ஒன்று மூன்று நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கினால், மகிழ்வதற்கு முன் அதில் என்ன கலந்துள்ளது என்று பார்ப்பது அவசியம்.

விளம்பரச் சொற்களைப் படிக்கும் முறை

1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி, அழகுசாதனம் என்பது தூய்மைக்கும் அழகுக்கும் தோற்றத்தை மாற்றுவதற்கும் உரியது. நோயைக் குணமாக்குவது அந்த வரையறையில் இல்லை. இதனால்தான் பல உறைகளில் 'பருவைக் குணமாக்கும்' என்று இல்லாமல், 'பருக்களின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்று எழுதப்படுகிறது. 'உதவும்' என்பது எவ்வளவு என்று சொல்லாத சொல். '90 விழுக்காடு வரை' என்பதில் 'வரை' என்ற சொல்லுக்குள் 5 விழுக்காடும் அடங்கும். 'தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது' என்பது சோதனை நடந்ததை மட்டும் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

மதிப்பீடு

விரைவுத் தீர்வுகளில் சில, ஒரு பருவின் சில நாள் தொல்லையைச் சற்றே குறைக்கின்றன. அந்த அளவில் அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. முகப்பருவையே போக்கும் என்ற உறுதிமொழியை எதுவும் நிறைவேற்றுவதில்லை. விரைவில் நிறைவேற்றுவதுபோலத் தோன்றும் ஸ்டீராய்டுக் களிம்புகள் அதிகத் தீங்கு செய்கின்றன.

பணம் வீணாவதைவிடக் காலம் வீணாவது பெரிய இழப்பு. மாதம் ஒரு புதுப் பொருளாக மாற்றிக்கொண்டே போகும் பிள்ளைக்கு எந்த மருந்தும் தன் 12 வாரத்தை நிறைவு செய்வதில்லை. ஆழமான பருக்கள் இதற்கிடையே நிரந்தரக் குழித் தழும்புகளை விட்டுச்செல்கின்றன. பருவால் முகத்தைத் தாழ்த்தி, கடைசி வரிசையைத் தேடும் மாணவரைப் பள்ளியில் பணியாற்றியவர்கள் அறிவர். பரு வலியோடு கட்டிகளாக வந்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ, தோல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் புறநோயாளியாகவே இதற்குச் சிகிச்சை பெறலாம். பெற்றோர் அங்கே போகும்போது, பிள்ளை இதுவரை பூசிய எல்லாக் களிம்புகளின் உறைகளையும் எடுத்துச் சென்று காட்டினால், மருத்துவருக்கு அது பெரிதும் பயன்படும்.