அறுந்த கயிறும் மறைந்த எழுவாயும்: ஸ்லோகமின் பயண நூல்

உலகைப் பாய்க்கப்பலில் தனியாக முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகமின் பயண நூல் (1900) தனிமனித வீரத்தின் பதிவாகவே பெரிதும் போற்றப்படுகிறது. அதன் தொடரமைப்பு அதற்கு எளிதில் இடந்தரவில்லை. 1898 ஜூனில், ஊர் நெருங்கிய வேளையில், 'ஸ்பிரே' படகின் பாய்மரத்தை முன்னிருந்து இழுத்துப்பிடித்த கயிறு உச்சியில் அறுந்து, முன்பாயோடு கடலில் விழுகிறது. பாயிருந்த இடத்தில் வெறும் வெளி தெரிந்த விந்தை உணர்வு ஒரே தொடரில் முடிகிறது. அடுத்து, தம் மூட்டுகள் இன்னும் இறுகவில்லை என்னும் வேடிக்கைப் பேச்சு. நாணலென ஆடிய மரத்தில் அவர் ஏறிய காட்சியோ விவரிக்கப்படவில்லை. கப்பி ஏற்றப்பட்டது, கயிறு விறைப்பாக இழுக்கப்பட்டது எனச் செயப்பாட்டுவினைகளே வருகின்றன. வீரன் எழுவாயாக நின்றிருக்க வேண்டிய இடம் அது. மரம் சாயாமைக்கு அதன் அடி உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம் என்கிறார். அப்படகைப் புதுப்பித்துக் கட்டியவரும் அவரே என்பதால், இதை முழுத் தன்னடக்கமென்றும் கொள்ளவியலாது.