சேர்க்கைகளைத் தேடும் ஆய்வு: ‘இன்டர்செக்ஷனல் இனிக்குவாலிட்டி’ நூல் – ஒரு திறனாய்வு

‘இன்டர்செக்ஷனல் இனிக்குவாலிட்டி’ என்பது அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ரேகினும் மேலாண்மையியல் பேராசிரியர் பீர் ஃபிஸ்ஸும் இணைந்து எழுதிய ஆய்வு நூல் ஆகும். இதைச் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 2017 இல் வெளியிட்டது. இனம், குடும்பப் பின்னணி, தேர்வு மதிப்பெண், கல்வி ஆகியவை எவ்வாறு சேர்ந்து ஒருவரை வறுமையிலிருந்து காக்கின்றன அல்லது வறுமையில் தள்ளுகின்றன என்பதை இந்நூல் ஆராய்கிறது. ரேகின் 1987 முதல் வளர்த்துவந்த கணமுறை ஒப்பாய்வு இதன் கருவி. பள்ளிக் கணிதத்தில் நாம் படித்த கணம், உட்கணம், வெட்டு, நிரப்பி ஆகியவையே அம்முறையின் அடிப்படை. இந்நூலின் கேள்வி சரியானது. ஆனால் அதன் சில விடைகளை அப்படியே காரண விளக்கங்களாக ஏற்க முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைனும் சார்லஸ் மர்ரேயும் எழுதிய ‘தி பெல் கர்வ்’ 1994 இல் வெளிவந்தது. 1979 இல் 14 முதல் 22 வயது வரையிலான 12,686 இளைஞர்களைக் கொண்டு தொடங்கிய தேசிய நெடுங்கால ஆய்வின் தரவுகளை அவர்கள் பயன்படுத்தினர. அந்த இளைஞர்கள் 1980 இல் இராணுவத் தகுதித் தேர்வையும் எழுதியிருந்தனர். அத்தேர்வு மதிப்பெண்ணை நுண்ணறிவின் அளவாகக் கொண்டு, பிற்கால வறுமையைத் தீர்மானிப்பதில் பெற்றோரின் சமூகப் பொருளாதார நிலையைவிட அதுவே வலிமையானது என்று நூலாசிரியர்கள் வாதிட்டனர்.

கடும் எதிர்ப்பு எழுந்தது. பெர்க்லி சமூகவியலாளர்களான கிளாட் ஃபிஷர், சாமுவேல் லூகாஸ் உள்ளிட்ட அறுவர் 1996 இல் ‘இனிக்குவாலிட்டி பை டிசைன்’ என்னும் மறுப்பு நூலை வெளியிட்டனர். குடும்பப் பின்னணியை இன்னும் கவனமாக அளந்தால் அதன் பங்கு கணிசமாக உயரும் என்றும், அத்தேர்வு பிறவி அறிவை அளக்கவில்லை, பள்ளியில் கற்றதையே பெரிதும் அளக்கிறது என்றும் காட்டினர்.

இரு தரப்பும் ஒரே வகைக் கருவியைத்தான் கையாண்டன. ரெக்ரஷன் எனப்படும் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வில், பிற காரணிகளை மாறாமல் வைத்து ஒரு காரணியின் தனி விளைவு கணக்கிடப்படும். ரேகினும் ஃபிஸ்ஸும் இந்தப் போட்டியையே கேள்விக்கு உள்ளாக்குகின்றனர். காரணிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவா, அல்லது கூடி வேலை செய்கின்றனவா என்பது அவர்கள் வினா.

முறை எப்படி இயங்குகிறது?

ஒருவர் ‘நன்கு படித்தவர்’ என்னும் கணத்தில் எந்த அளவு உறுப்பினர் என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் குறிக்கின்றனர். இது மங்கல் கணம் எனப்படும். ஒருவருக்குக் கல்வியில் 0.8, குடும்ப வருமானத்தில் 0.3 என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்த கணத்தில் அவருடைய உறுப்பு மதிப்பு சிறிய எண்ணாகிய 0.3 தான். சராசரி எடுத்தால் 0.55 வந்திருக்கும். சராசரியில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். வெட்டுக் கணத்தில் அந்தக் குறை மறைவதில்லை.

பின்னர் எல்லாச் சேர்க்கைகளையும் மெய்மை அட்டவணையில் எழுதுகின்றனர். ஐந்து நிபந்தனைகள் என்றால் 32 வரிசைகள். ஒரு சேர்க்கையில் உள்ளவர்கள் எந்த அளவுக்கு விளைவுக் கணத்தின் உட்கணமாக அமைகின்றனர் என்பதே இசைவு. இசைவு பொதுவாக 0.75 அல்லது 0.80 ஐத் தாண்டினால் அச்சேர்க்கை ஒரு பாதையாக ஏற்கப்படும். ஒரே விளைவுக்குப் பல பாதைகள் இருக்கலாம். வறுமையைத் தவிர்க்கும் பாதையைத் தலைகீழாக்கினால் அது வறுமைக்கான பாதை ஆகிவிடாது. இவ்விரண்டும் இம்முறையின் முக்கியக் கொள்கைகள்.

நூல் கண்டது

வெள்ளையின ஆண்கள், வெள்ளையினப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என நான்கு குழுக்களையும் ஆசிரியர்கள் தனித்தனியே ஆராய்கின்றனர். வெள்ளையினத்தாரிடம் சாதகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன. கறுப்பினத்தாரிடம் பாதகங்கள் சேர்ந்தே வருகின்றன. வறுமையில் விழுவதற்கான இசைவான சேர்க்கைகள் கறுப்பினப் பெண்களிடம் தெளிவாகத் தென்படுகின்றன; வெள்ளையின ஆண்களிடம் அப்படித் தென்படவில்லை.

முதல் ஐயம்: கோடு எங்கே?

மங்கல் கணத்திற்கு மூன்று வரம்புகள் வேண்டும்: முழு உறுப்பு, நடுப்புள்ளி, உறுப்பின்மை. இதே தரவை ரேகின் 2008 இல் எழுதிய ‘ரீடிசைனிங் சோஷியல் இன்க்வைரி’ நூலிலும் ஆராய்ந்தார். குறைந்த மதிப்பெண் என்பதற்கு நூற்றுமானம் 10, 20, 30 ஆகியவற்றை வரம்புகளாகக் கொண்டார். இதற்கு வெளிச்சான்று உண்டு. 10க்குக் கீழ் உள்ளவர்களை இராணுவத்தில் சேர்க்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. 10 முதல் 30 வரை இராணுவம் வகுத்த தனிப் பிரிவு.

வறுமைத் தவிர்ப்புக்கோ அதிகாரபூர்வ வறுமைக்கோட்டின் மூன்று மடங்கு வருமானம் முழு உறுப்பு, இரண்டு மடங்கு நடுப்புள்ளி, ஒரு மடங்கு உறுப்பின்மை. அதன்படி ஒன்றரை மடங்கு வருமானம் உள்ளவர் அரசுக் கணக்கில் ஏழை அல்லர். இங்கோ வறுமையைத் தவிர்த்தவராகவும் பெரிதும் கருதப்படமாட்டார். ‘வறுமையிலிருந்து பாதுகாப்பாக விலகியவர்’ என்று பொருள் கொண்டால் இது நியாயமே. ஆனால் கோட்டைச் சற்று நகர்த்தினால் பாதைகளும் மாறக்கூடும். கிறிஸ் குரோக்ஸ்லண்டும் இருவரும் 2015 இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய சிறு மாற்றங்களுக்கு இம்முறை எளிதில் அசைந்துகொடுக்கிறது என்று காட்டியது.

இரண்டாம் ஐயம்: தொடக்க விகிதம்

இதுவே இன்னும் அடிப்படையானது. எளிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். முதல் குழுவில் 100 பேரில் 90 பேர் வறுமையைத் தவிர்த்தவர்கள். இரண்டாம் குழுவில் 60 பேர். வறுமையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பண்பை எடுத்துக்கொள்வோம். பிறந்த கிழமை என்று வைப்போம். முதல் குழுவில் செவ்வாய்க்கிழமை பிறந்தவர்களின் இசைவு ஏறத்தாழ 0.90 ஆக இருக்கும். அது 0.80 என்னும் வரம்பைத் தானாகவே தாண்டிவிடும். இரண்டாம் குழுவில் அது 0.60 அளவிலேயே நிற்கும். அங்கே வரம்பைத் தாண்ட உண்மையிலேயே வலிமையான சேர்க்கை வேண்டும்.

வறுமைப் பக்கம் இது தலைகீழாகும். முதல் குழுவில் 0.10 இலிருந்து 0.80க்கு ஏற வேண்டும். இரண்டாம் குழுவில் 0.40 இலிருந்து ஏறினால் போதும். ஆகவே ‘வெள்ளையின ஆண்களுக்கு வறுமைப் பாதை இல்லை’ என்னும் முடிவில் ஒரு பகுதி, அவர்களிடையே வறுமை அரிது என்ற செய்தியின் மறுவடிவமே. ஒரே வரம்பு ஒரு குழுவுக்குத் தாழ்வாரப் படியாகவும் மற்றொன்றுக்கு மலையேற்றமாகவும் அமைகிறது.

அந்த மலையேற்றம்தான் சமூக உண்மை என்று ஆசிரியர்கள் தரப்பில் பதில் சொல்லலாம். கறுப்பினக் குடும்பம் அதே பாதுகாப்பை அடைய அதிகச் சாதகங்களைத் திரட்ட வேண்டியிருக்கிறது என்பது பொய்யல்ல. நிலைமையின் விவரிப்பாக அது செல்லும். ஆனால் ‘இந்தச் சேர்க்கைதான் அவர்களைக் காத்தது’ என்று காரணம் சொல்ல அது போதாது. மேற்சொன்ன சாமுவேல் லூகாஸ், அலிசா சட்ரோவ்ஸ்கியுடன் 2014 இல் எழுதிய கட்டுரையில், காரணம் முன்பே தெரிந்த செயற்கைத் தரவுகளில் இம்முறையைச் சோதித்து, அது சரியான காரணத்தை மீட்கத் தவறுகிறது என்றார். ரேகின் அதற்கு மறுப்பு எழுதினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

மூன்றாம் ஐயம்: காலவரிசை

மெய்மை அட்டவணையில் எல்லா நிபந்தனைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வாழ்க்கையில் அவை அப்படி வருவதில்லை. பெற்றோர் வருமானம் முதலில்; பள்ளியும் மதிப்பெண்ணும் அடுத்து; திருமணமும் குழந்தைகளும் பின்னர். முன்னது பின்னதை உருவாக்குகிறது. குடும்ப அமைப்பை மதிப்பெண்ணுக்கு இணையான நிபந்தனையாக வைக்கும்போது, வறுமையால் ஏற்பட்ட ஒன்று வறுமைக்குக் காரணமாகத் தோன்றும் ஆபத்து உண்டு.

மதிப்பீடு

இந்த ஐயங்களுக்குப் பிறகும் நூலில் உறுதியாக நிற்பது சாதக பாதகங்கள் கொத்தாக வருகின்றன என்னும் கண்டுபிடிப்பு. இதிலும் குழுவின் எண்ணிக்கை விகிதத்திற்குப் பங்கு உண்டுதான். ஆயினும் இது எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற விவரம் மட்டுமே. காரணம் பற்றிய கூற்று அன்று. இதுவே பழைய விவாதத்தின் அடித்தளத்தையும் அசைக்கிறது. ஏழைப் பெற்றோர், தரம் குறைந்த பள்ளி, குறைந்த மதிப்பெண் ஆகியவை ஒரே குழந்தையிடம் சேர்ந்தே காணப்படும்போது, மற்றவற்றை மாறாமல் வைத்து மதிப்பெண்ணின் தனி விளைவைச் சொல்வது, மிகச் சிலரையே கொண்ட வரிசைகளை நம்பிச் சொல்வதாகும்.

நம் கல்வியியல் மாணவர்களின் ஆய்வேடுகளில் ஆண்-பெண், நகரம்-கிராமம் என்று ஒவ்வொரு காரணியையும் தனியே பிரித்து டி-சோதனை செய்வது வழக்கம். கிராமத்துப் பெண், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவள் என்ற சேர்க்கை அங்கே காணாமல் போகிறது. அதைக் காணும் பழக்கத்தை இந்நூலிலிருந்து பெறலாம். ஆனால் கணமுறை ஆய்வு எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: வரம்புக் கோட்டுக்கு வெளிச்சான்று உண்டா? குழுவின் தொடக்க விகிதத்தோடு ஒப்பிட்டால் இசைவு எவ்வளவு கூடியிருக்கிறது? நிபந்தனைகளில் எது முன், எது பின்? மென்பொருள் தரும் சூத்திரத்தைவிட, அதற்கு முந்தைய மெய்மை அட்டவணையில் எந்த வரிசையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பது நல்லது.