மகிழ்ச்சியை அளக்கும் ஏணி

இன்பத்தை நாடாத உயிர் இல்லை. அவ்வின்பத்தை எண்ணால் அளக்கும் முயற்சியோ பல்கலைக்கழகங்களில் அண்மைக் காலத்தே எழுந்ததொன்று. அமெரிக்க உளவியலறிஞர் ஹாட்லி காண்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலில் ஓர் ஏணியை வகுத்துக் காட்டினார். அதன் அடிப்படி 0, உச்சிப்படி 10. தமக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வை உச்சியிலும், மிக இழிந்த வாழ்வை அடியிலும் வைத்து, இன்று எப்படியில் நிற்பதாகக் கருதுகிறார் என ஒருவரை வினவுவதே அம்முறை. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இவ்விடைகளின் சராசரியைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் 143 நாடுகளுள் இலங்கை 128ஆம் இடம் பெற்றது.

இம்முறையை முற்றாக ஒதுக்குதல் தகாது. வருமானம் பெருகுவதனால் மட்டும் ஒரு நாட்டாரின் மகிழ்ச்சி பெருகிவிடுவதில்லை என்று பொருளியலறிஞர் ஈஸ்டர்லின் 1974இல் வாதித்தமைக்கு இத்தகைய வினாக்களே துணைநின்றன. கொழுந்தின் நிறையும் இரப்பரின் விலையும் மட்டுமே எண்ணப்பட்டுவந்த இடத்தில், உழைப்பவரின் உள்ளத்தையும் கேட்டறிய முனைவது நன்றே. எனினும், இவ்வளவுகோலுடன் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு வரும் ஆராய்ச்சியாளர் மூன்று தடைகளை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முதலாவது, தொகை பற்றியது. இவ்வறிக்கைக்காக ஆண்டொன்றுக்கு ஒரு நாட்டில் ஏறத்தாழ 1000 பேரே வினவப்படுகின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் நூற்றுக்கு நால்வர் அளவினர். அவ்விகிதப்படி ஆயிரவருள் நாற்பதின்மரே இடம்பெறுவர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்தார் அந்நாற்பதின்மருள் மிகச் சிலராகவே இருப்பர். ஆகவே, நாட்டின் சராசரி இம்மக்களைப் பற்றி யாதும் கூறவில்லை என்பது வெளிப்படை.

இரண்டாவது, தாள் பற்றியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான இம்மக்களை 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. இங்கிருப்பதா, கடல் கடப்பதா என்பது விண்ணப்பப் படிவத்தைப் பொறுத்தமைந்தது. அத்தகைய வரலாறுடையோர் முன் அயலார் ஒருவர் வினாத்தாளை விரிக்கும்போது, வரும் விடை உள்ளத்தினின்று எழுந்ததா, அச்சத்தினின்று எழுந்ததா என ஆராய்தல் கடனாகும்.

மூன்றாவதே தலையாயது. எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ ஒரு தொழிலாளியை நலம் விசாரித்தால், "ஏதோ இருக்கிறோம், ஐயா" என்பார். இவ்விடைக்குரிய எண் யாது? அடக்கமும், கண்ணூறு படுமோ என்னும் தயக்கமும், அயலாரிடம் குறைசொல்லாப் பண்பும் அதில் ஒருங்கே அடங்கியுள்ளன. நெடுங்காலம் இல்லாமையில் உழன்றோர் தம் விருப்பங்களையே சுருக்கிக்கொள்வர் என அமர்த்தியா சென் எச்சரித்துள்ளார். விடியலில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; நிறை குறைந்தால் அரைப்பேர். இந்நிலையில் மாதம் முழுவதும் முழுப்பேர் விழுவதையே உச்சிப்படியாகக் கொண்ட தாய் தனக்கு 7 என்றும், உயர்தரம் கற்று வேலை தேடும் மகள் தனக்கு 3 என்றும் கூறுவதாகக் கொள்வோம். தாயே மிக்க நலமுடையாள் என முடிவுசெய்தல் பொருந்துமோ? இருவரும் வாழ்வது ஒரே லயக் காம்பிராவில். அவர்கள் ஏறும் ஏணிகளோ வெவ்வேறு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். உவகையின் அளவை அவர் கேட்டிலர். அது பிறக்கும் இடங்களைக் காட்டினார். பூட்டானும் தன் மொத்த தேசிய மகிழ்ச்சியை ஒன்பது துறைகளாகப் பகுத்தே ஆராய்கிறது. நம் தோட்டங்களிலும் அவ்வாறே வினவலாம்: நாட்கூலியில் மிஞ்சுவது எவ்வளவு? பிள்ளை எவ்வகுப்புடன் பள்ளியை விட்டது? ஒற்றைக் காம்பிராவில் கணவன் மனைவிக்குத் தனிமை உண்டா? ஓய்வுப்பொழுது எதில் கழிகிறது? இவற்றின் விடைகளோடு சேர்த்து நோக்கும்போதே ஏணியின் எண் பொருளுடையதாகும்.

காரணமறியாத எண் தீங்கும் விளைக்கும். "அவர்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள்" என்னும் ஒரு வாக்கியம், லயத்தை லயமாகவே விட்டுவைக்கப் போதிய சாட்சியாகிவிடும். சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இம்மாகாணத்திலேயே, பெலிகுல் ஓயாவில் உள்ளது. "ஏதோ இருக்கிறோம்" என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வாராய்ச்சியில் ஈடுபடுவாராயின், அச்சொல்லுக்கு எண் தேடுமுன் அதன் பொருளைத் தேடுவர். அத்தகைய ஆய்வே நமக்கு வேண்டுவது.