கியர்பாக்ஸ் கேட்கும் காது

கியர்பாக்ஸில் சத்தம் என்று வண்டி வந்தால், தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதில்லை. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்து மிதித்து விடுகிறார். மிதித்ததும் சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கின் மேல் சந்தேகம். மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கின் மேல். ஒரு போல்ட்டும் கழற்றாமலே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, நாலு கியர் அம்பாசடர் போன்ற பழைய பின்சக்கர ஓட்ட வண்டிகளில் செய்யும் சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் முனகுகிற பெட்டி நாலில் மட்டும் அமைதியாகிறதா? நாலாம் கியர் நேரடி இணைப்பு. விசை மேல் ஷாஃப்டிலேயே நேராகப் போய்விடும். கீழே கவுண்டர் ஷாஃப்ட் சுமையின்றிச் சும்மா சுழலும். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கீழ் ஷாஃப்டின் பக்கம்தான். சத்தம் நின்ற இடத்தை வைத்துச் சத்தத்தைப் பிடிக்கிறார்கள். என்ன அழகான தர்க்கம்!

ரிவர்ஸில் வரும் ஊளை வேறு. அது நேர்ப்பற்களின் இயல்பு, பயப்பட வேண்டாம். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் ‘கரக்’ என்றால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரிலும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பார்ப்பார். அதற்கும் முன்னால், ஆயில் இருக்கிறதா என்று.