குடும்பமும் குரலும்: லூயிஸ் குடும்பத்தின் இசை பற்றிய ஒரு நோக்கு

ஒரே வீட்டிற் பிறந்தோரின் குரல்கள் தாமாகவே ஒன்றோடொன்று இயையும் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் இசை பற்றி எழுதுவோர் பலர் வழிமொழியும் கருத்தாகும். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவோருள் ஜோர்ஜியா மாநிலத்து லிங்கன்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த லூயிஸ் குடும்பத்தினர் முக்கியமானவர்கள். ஆயின் இரத்த உறவைப் புகழ்ந்துவிடுவதால் அவர்களது கலையை விளக்கியதாகாது. 1951இல் மேடையேறிய இக்குழு, ஒகஸ்டா நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் 1954 முதல் 1992 வரை வாரந்தோறும் பாடியது. முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பின் பயனைப் பிறப்பின் கொடையாகக் கொள்வது திறனாய்வாகுமா?

பலர் கருதுவதுபோல் புளூகிராஸ் ஆதி நாட்டுப்பாடலன்று. 1940களில் பில் மன்றோவின் குழுவில் உருப்பெற்ற தொழின்முறை மேடையிசை அது. ஏர்ள் ஸ்கிறக்ஸ் மூன்று விரல்களால் பாஞ்சோவை விரைந்து மீட்டிய முறை அதற்குத் தனி முகம் தந்தது. எனினும் பக்திப் பாடல்களைப் பதிவுசெய்தபோது மன்றோ அந்த வாத்தியத்தைப் பெரும்பாலும் விலக்கி, ஆண்கள் நால்வரின் குரலுக்கு மண்டலினையும் கிற்றாரையுமே துணையாக்கினார். பக்திக்கு அடக்கம் வேண்டும் என்ற எண்ணம் அதில் தொனிக்கின்றது.

லூயிஸ் குடும்பத்தினர் இவ்விரு மரபுகளையும் மீறினர். மிகி, பொலி, ஜனிஸ் என்னும் சகோதரிகள் மூவரும் முன்னின்று பாடினர். தந்தை பேஸும் வொலஸ் கிற்றாரும் வாசித்தனர். 1942இல் பிறந்த இளையவர் லிற்றில் றோயின் பாஞ்சோ எப்பாடலிலும் ஒதுங்கி நிற்கவில்லை. சகோதரிகளின் குரல்கள் மென்மையானவை அல்ல. திறந்தவெளியிற் கூப்பிடும் குரல்களின் கூர்மை அவற்றில் உண்டு. மரணத்தையும் மறுமையையும் பாடும்போதும் அவ்விசை துள்ளியே செல்கின்றது. துயரை மறுக்காமல் அதனை முந்திச் செல்லும் வேகம் அது. அவர்களது சாதனை இங்கேதான் உள்ளது.

பாடல்களுக்கிடையே லிற்றில் றோய் செய்த கோமாளித்தனம் பக்திக்கு ஒவ்வாதது என்போர் உளர். தேவாலயத்துக்கு வெளியே, 1965 முதல் பரவிய புளூகிராஸ் விழாக்களில், வழிபாட்டுக்கென வராத கூட்டத்தின் முன்னும் இக்குழு பாடியதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சிரித்த கூட்டம் அடுத்த பாடலுக்குச் செவிசாய்த்தது. ஆனால் இசைத்தட்டில் அச்சிரிப்பு இல்லை. அங்கே வேகம் மட்டும் எஞ்சுகின்றது. சில பாடல்களுக்குப் பின் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு காண்பது கடினமாகின்றது.

இதனினும் பாரதூரமானது அவர்களது மௌனம். குழு புகழ்பெற்ற ஆண்டுகள், ஜோர்ஜியாவில் நிறவொதுக்கலுக்கு எதிரான போராட்டம் வலுத்த ஆண்டுகளுமாகும். அவர்களுக்குப் பெருமை தேடித்தந்த பாஞ்சோவோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்த வாத்தியம். பக்திக் குழுவொன்றிடம் அரசியற் பாடலை எதிர்பார்ப்பது நியாயமன்று எனலாம். ஆயினும் வீடு, தாய், மறுமையில் உறவினரைச் சந்தித்தல் என்பவற்றையே திரும்பத் திரும்பப் பாடும்போது, விண்ணுலகமும் சொந்த வீட்டு வேலிக்குள் அடங்கிவிடுகின்றது. அயலவனுக்கு அங்கே இடமுண்டா என்ற கேள்வி எழவே இல்லை.

தந்தை 2004இல், தொண்ணூற்றெட்டு வயதிற் காலமானார். பேரப்பிள்ளைகளான ற்றவிசும் லூயிஸ் பிலிப்சும் ஏற்கெனவே குழுவில் இணைந்திருந்தனர். 2006இல் புளூகிராஸ் இசையின் உயரிய கௌரவப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் சேர்க்கப்பட்டது. 2009இல் குழு ஓய்வுபெற்றது. அதன்பின் லிற்றில் றோய், பிடில் வாசிக்கும் லிசி லோங் என்பவருடன் புதிய குழு அமைத்து மேடையேறினார். அவர் லூயிஸ் வீட்டிற் பிறந்தவர் அல்லர்.