சூனியக்காரியின் மகள்

வொண்டர் வுமனிடமிருந்து அவளுடைய தீவைப் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிஞ்சும்? 2024 அக்டோபரில் டிசி நிறுவனம் தொடங்கிய ‘ஆப்சொல்யூட்’ காமிக்ஸ் வரிசை, தன் மூன்று பெரிய பாத்திரங்களிடமும் இப்படி ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. பேட்மேனுக்கு மாளிகையும் சொத்தும் இல்லை. சூப்பர்மேனுக்குக் கன்சாஸ் பண்ணையில் வளர்ந்த பிள்ளைப்பருவம் இல்லை. டயானாவுக்கு அமேசான்கள் இல்லை. மூன்றும் ஒரே அளவு இழப்பு என்று விளம்பரம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணக்கார ஆணிடமிருந்து போனது பணம். வழக்கமாகக் கதை தொடங்கும் முன்பே சுடப்பட்டுச் செத்துப்போகும் அவன் தாய் மார்த்தா, இந்த வரிசையில் உயிரோடு திரும்பியும் வந்துவிடுகிறாள். பெண்ணிடமிருந்து போனதோ பெண்கள். ஒரு தீவு நிறையப் பெண்கள்.

ஆகவே சந்தேகத்தோடுதான் ‘ஆப்சொல்யூட் வொண்டர் வுமன்’ முதல் இதழைத் திறந்தேன். கெல்லி தாம்ப்சன் எழுதியிருக்கிறார். ஹேடன் ஷெர்மன் வரைந்திருக்கிறார். நிறம் ஜோர்டி பெல்லேர். எலும்புக்கூடாக நிற்கும் சிறகுக் குதிரையின் மேல், தன் உயரத்துக்கு ஒரு வாளைத் தூக்கிக்கொண்டு டயானா வருகிறாள். சாவு வாடை வீசும் பக்கங்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சண்டை இல்லை, நரகத்தில் நடக்கும் பிள்ளை வளர்ப்பு.

அமேசான்களின் கடைசிக் குழந்தையை அப்போலோ கொண்டுவந்து நரகத்துத் தீவொன்றில் சர்சியிடம் விட்டுச்செல்கிறான். ‘அமேசான்’ என்ற சொல்லை அந்தக் குழந்தையிடம் உச்சரிக்கவே கூடாது என்பது தேவர்கள் போட்ட தடை. ஓர் இனத்தை அழித்தவர்களுக்கு அதன் பெயரையும் அழிக்கவேண்டியிருக்கிறது. சர்சி இந்தக் குழந்தையைக் கேட்டு வாங்கியவள் இல்லை. அவளே ஒரு கைதி. தாய்மை பீறிட்டுக் கிளம்பும் வழக்கமான காட்சி எதுவும் இங்கே இல்லாதது பெரிய ஆறுதல். வேண்டாம் என்று நினைக்கிறாள், வளர்க்கிறாள், வளர்க்க வளர்க்கத் தாயாகிறாள். தாய்மை இரத்தத்தில் ஊறி வருவது என்று நம் சினிமாவும் பாடப்புத்தகமும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அது செய்து செய்து பழகும் ஒரு வேலை என்று ஓர் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சொல்வது சாதாரணம் இல்லை.

சர்சி யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகும். ஹோமரின் காவியத்தில் அவள் ஆண்களைப் பன்றிகளாக்கும் மந்திரக்காரி; ஒடிசியஸ் அடக்கவேண்டிய ஆபத்து. 1980களின் பிற்பாதியில் ஜார்ஜ் பெரஸ் வொண்டர் வுமனை மறுபடி வார்த்தபோது சர்சி டயானாவின் பரம எதிரியானாள். அதன்பின் வந்த பலரும் அந்தப் பகையை வளர்த்தார்கள். மந்திரம் தெரிந்த பெண்ணையும் வாள் தெரிந்த பெண்ணையும் மோதவிடுவது எளிது. மாமியாரையும் மருமகளையும் மோதவிட்டே சீரியல் ஓட்டுவதுபோல. தாம்ப்சன் செய்தது ஒரே ஒரு மாற்றம்: பகைவரைத் தாயும் மகளுமாக்கினார். அதனால் டயானாவின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதே மாறிவிடுகிறது. அவளுக்குப் போர் தெரியும். அதைவிட மந்திரம் தெரியும். அதாவது ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கல்வி.

பிறப்புக் கதையும் இங்கே முக்கியம். 1941-இல் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் படைத்த டயானாவுக்குத் தகப்பன் கிடையாது. அரசி ஹிப்போலிட்டா களிமண்ணில் பிசைந்த குழந்தை அவள். 2011-இல் பிரையன் அசரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் கதையை மறுபடி தொடங்கியபோது அவள் சீயஸின் மகளாக்கப்பட்டாள். எழுபது வருடம் தகப்பனில்லாமல் நிம்மதியாக இருந்தவளுக்குத் தேடிப்பிடித்து ஒரு தகப்பன். அமேசான்களோ, கடலில் போகும் ஆண்களோடு கூடிவிட்டுக் கொன்றுபோடுகிறவர்களாக, பிறந்த ஆண் குழந்தைகளை ஆயுதத்துக்கு விற்கிறவர்களாக ஆனார்கள். கதை சுவையாகத்தான் இருந்தது. சியாங்கின் ஓவியத்தை இன்றும் ரசிக்கிறேன். ஆனால் பெண்கள் மட்டும் வாழும் ஒரு சமூகத்தை நல்லதாகக் கற்பனை செய்ய அந்தக் கதைக்கு மனம் வரவில்லை.

இனி அந்தக் கை. நரகத்தில் வந்து விழுந்துவிட்ட ஸ்டீவ் ட்ரெவரை மேலுலகத்துக்கு அனுப்ப டயானா தன் கையை விலையாகக் கொடுக்கிறாள். ரசிகைகள் பலரும் நெகிழ்ந்துபோகும் இடம் இது. எனக்கு நெருடுகிறது. ஆணுக்காகப் பெண் தன் உடலில் ஒரு பங்கை வெட்டித் தருவதை ‘தியாகம்’ என்று கைதட்டி நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அப்பாவி ஒருவனை விடுவிக்கத் தந்தாள், அவன் பெண்ணாக இருந்தாலும் தந்திருப்பாள் என்று வாதிடலாம். சரி. ஆனால் முதல் விலை ஓர் ஆணுக்காகவே கொடுக்கப்படுவது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். இதைக் கொஞ்சம் ஈடுகட்டுவது அதற்குப் பிறகு வருவது. கை இல்லாததைக் கதை ஒப்பாரியாக்கவில்லை. மந்திரத்தால் ஆன ஒரு கையோடு அவள் தன் வேலையைப் பார்க்கிறாள். (1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த அண்ணன்மார் யாராவது இந்த இரண்டு கைகளையும் ஒப்பிட்டு எழுதவேண்டும். அவன் கையில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பே மறைந்துவிடும். பெண்ணை மறையவைக்க அவ்வளவு செலவு தேவையில்லை.)

முதல் கதையின் உச்சத்தில் டெட்ராசைட் என்ற பேருருவை எதிர்கொள்ள டயானா மெடூசாவின் உருவை எடுக்கிறாள். இந்த வரிசையின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். ஓவிட் சொல்லும் கதையில் மெடூசா, கோயிலுக்குள் கடல்தேவனால் வன்புணரப்பட்டவள். அதற்குத் தண்டனை அவளுக்கே கிடைக்கிறது, கூந்தல் பாம்பாகிறது. பிறகு பெர்சியஸ் அவள் தலையை வெட்டி ஆயுதமாக எடுத்துப்போகிறான். குற்றம் ஒருவனுடையது, தண்டனை அவளுடையது, பயன் இன்னொருவனுடையது. அந்த உருவத்தை ஒரு பெண் தானே விரும்பி அணிந்துகொண்டு, ஒரு நகரத்தைக் காப்பாற்றப் பயன்படுத்துகிறாள். எந்த ஆணின் கையிலும் தொங்காத மெடூசா தலையை இந்தக் கலையில் நான் பார்த்தது அரிது. ஷெர்மனின் கட்டங்களும் அங்கே ஒழுங்காக நிற்க மறுக்கின்றன. பக்கமே பாம்பாக நெளிகிறது.

உடலை வரைவது பற்றியும் சொல்லவேண்டும். 1990களின் நடுவில் மைக் டியோடாட்டோ வரைந்த டயானாவையும் ஷெர்மனின் டயானாவையும் அருகருகே வைத்து மாணவிகளிடம் காட்டினேன். “இவளால மூச்சு விட முடியும் மேடம்” என்றாள் ஒருத்தி, புதியவளைக் காட்டி. அகன்ற தோள், தழும்பு, உடம்பெங்கும் மந்திரப் பச்சை குத்தல். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் ஆண் நோக்கு பற்றி நான் வைத்திருந்த குறிப்புகள் தேவைப்படவில்லை. 2016-இல் ஐ.நா. சபை வொண்டர் வுமனைப் பெண்களுக்கான கௌரவத் தூதராக அறிவித்ததும், அங்கே பணிபுரிந்தவர்களே எதிர்த்துக் கையெழுத்து வாங்கியதும், இரண்டே மாதத்தில் அது முடிந்துபோனதும் ஏன் என்று இந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியும்.

டிசியின் முதன்மை வரிசையில் டாம் கிங் எழுத டேனியல் சாம்பியர் வரையும் ‘வொண்டர் வுமன்’ 2023 செப்டம்பரில் தொடங்கியது. அங்கே அமேசான்கள் இருக்கிறார்கள், ஆனால் சட்டம் போட்டு அமெரிக்காவைவிட்டு விரட்டப்படுகிறார்கள். அரசியல் கனமானது, ஓவியம் அபாரம். ஆனால் கதையைச் சொல்வது யார்? நாட்டை மறைவிலிருந்து ஆளும் ‘சாவரின்’ என்ற வில்லன். உத்தி என்ன என்று எனக்கும் புரிகிறது. இருந்தாலும் இதழுக்கு இதழ் அவள் கதையை அவள் எதிரியின் வாயால் கேட்பது அலுப்பூட்டுகிறது. சூனியக்காரி வளர்த்த டயானாவுக்குக் குறைவாகவே பேச்சு. ஆனால் அது அவள் பேச்சு.

என் மீதிச் சந்தேகம் தீரவில்லை. தனியொருத்தியாக நிற்கும் வீராங்கனையைச் சந்தைக்கு எப்போதும் பிடிக்கும். நூறு பெண்கள் கூடி நின்றால்தான் அதற்குச் சிக்கல். ஒரு தாய் ஒரு தீவுக்கு ஈடாவாளா என்ற கேள்விக்குத் தாம்ப்சன் வரும் இதழ்களில்தான் பதில் சொல்லவேண்டும்.

புத்தகத்தை மூடும் முன் படைத்தவர் பெயர் போட்ட வரியைப் பாருங்கள். மார்ஸ்டன் பெயர் இருக்கும். நாயகன் பெண்ணாக இருக்கட்டும் என்று சொன்னவராகக் குடும்பத்தார் நினைவுகூரும் மனைவி எலிசபெத்தின் பெயர் இருக்காது. அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த, தன் கை வளைகளையே டயானாவின் காப்புகளுக்கு மாதிரியாகத் தந்த ஆலிவ் பைர்ன் இருக்கமாட்டார். ஜாய் ஹம்மலும் இருக்கமாட்டார். 1944 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட வொண்டர் வுமன் கதைகளை எழுதியவர் அவர். எல்லாம் ‘சார்லஸ் மௌல்டன்’ என்ற மார்ஸ்டனின் புனைபெயரில் வெளிவந்தன. 1947-இல் கல்யாணமானதும், கணவரின் மகளைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டார். அவர் எழுதியதற்கு ஒரு விருது வந்தபோது ஆண்டு 2018. அவருக்கு வயது 94.